1965க்கும் 1993க்கும் நடுவில் நேரு ஸ்டேடியத்தில் ஆடியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் நம் நேரு ஸ்டேடியத்தின் வரலாற்றை ஒரு முழுப் பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். பெரியமேட்டில் பிறந்து, கல்யாணமாகி வியாசர்பாடிக்கு வந்தவள் நான். அந்த மைதானத்தைப் பற்றி இவ்வளவு பெரிதாக ஒரு கட்டுரை வந்ததில் எனக்குச் சந்தோஷம். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது, அந்தச் சாதனை 2008 வரைக்கும் நின்றது, கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று பெயர் இருந்த காலத்தில் அங்கே ஒன்பது டெஸ்ட் நடந்தது, 1965க்கு அப்புறம் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிப் போனது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அதற்கு அடுத்த பத்தியே 1993இல் தொடங்குகிறது. நடுவில் உள்ளூர்ப் போட்டிகள் நடந்து வந்தன என்று ஒரே ஒரு வரி.

அந்த 28 வருஷமும் ஃபுட்பாலுடைய வருஷம். அதை ஒரு வரியில் தாண்டிப் போனது மனதை உறுத்தியதால் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான். முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

என் அப்பா சைடன்ஹாம்ஸ் ரோட்டில் ஃபுட்பால் தைக்கிற வேலை செய்தவர். பெரிய கடையெல்லாம் கிடையாது. ஒரு மதில் ஓரமாகத் தகரக் கூரை, கீழே ஒரு பலகை, சாமான் போட ஒரு மரப்பெட்டி. தோல் மண்டி பக்கத்திலேயே இருந்ததால் துண்டுத் தோலுக்குப் பஞ்சமில்லை. புதுப் பந்து ஜலந்தரிலிருந்தும் மீரட்டிலிருந்தும் வரும். ஆடி ஆடித் தையல் விட்ட பந்து எங்கள் அப்பா மாதிரி ஆட்களிடம் வரும். புதுப் பந்து வாங்குகிற வசதி எந்த டீமுக்கும் அடிக்கடி கிடையாது. அதனால் ஒரே பந்து ஒரு சீசனில் பல தடவை அவர் மடிக்கு வந்து போகும்.

அப்போதைய பந்தைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வெளியே தோல், உள்ளே ரப்பர் பிளாடர். காற்றடித்து, பிளாடரின் கழுத்தை முடிந்து, உள்ளே தள்ளி, பந்தின் வாயைத் தோல் வாரால் இழுத்துக் கட்ட வேண்டும். தையல் பிரிந்தால் பிளாடரை உருவிவிட்டு, பந்தின் உள்புறத்தை வெளியே திருப்பி, மெழுகு தேய்த்த நூலில் இரண்டு ஊசி கோத்து எதிரும் புதிருமாகத் தைப்பார். தைத்து முடித்ததும் அந்தச் சின்ன வாய் வழியாகவே முழுப் பந்தையும் மறுபடி திருப்ப வேண்டும். அந்த வேலையில்தான் விரல் எல்லாம் போகும். மழையில் ஆடிய பந்து தண்ணீர் குடித்துக் கனத்துப்போய் வரும். அதை நிழலில் காயவைத்து விளக்கெண்ணெய் தடவுவது என் வேலை. தலையால் முட்டுகிறவனுக்கு வார் முடிச்சு நெற்றியில் பட்டால் கிழித்துவிடும் என்பதால், முடிச்சு வெளியே தெரிகிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அப்பா பந்தைக் கொடுப்பார்.

பூட்ஸ் வேலையும் அவரிடம் வரும். பூட்ஸ் அடியில் வழுக்காமல் பிடிக்க இருக்கிற குமிழ்தான் ஸ்டட். அப்போது அது வட்டமாக வெட்டிய தோலை அடுக்கி ஆணி அடித்தது. ஆணி மேலே ஏறிக் காலில் குத்தும். ஹாஃப் டைமில் ஒரு பையன் யாருடைய பூட்ஸையோ தூக்கிக்கொண்டு ஸ்டேடியத்திலிருந்து ஓடிவருவான். அப்பா தட்டிக்கொடுத்ததும் மறுபடி ஓடுவான். அந்த ஓட்டம் நடந்துகொண்டே இருந்ததால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. மெட்ராஸ் ஃபுட்பால் லீக் எங்களுக்குச் சோறு போட்டது என்று சொன்னால் அது வார்த்தைக்காகச் சொல்வது இல்லை.

சாயங்காலம் மூன்றரை மணிக்கு மேல் எங்கள் கடை வாசலில் நின்றால் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சூளை, பட்டாளம், புளியந்தோப்பு பக்கமிருந்து நடந்து வருவார்கள். காலை ஷிப்ட் முடித்த பெரம்பூர்க்காரர்கள் சைக்கிளில் வருவார்கள், பின்னால் ஒரு ஆள், முன்னால் பாரில் ஒரு பிள்ளை. லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், 1955இல் நேருவே வந்து தொடங்கிவைத்த ஐ.சி.எஃப்., பின்னி மில், துறைமுகம் என்று எல்லா இடத்து ஆளும் அதில் இருப்பார்கள். தன் ஆபீஸ் டீம் ஆடுகிறது என்பதற்காக வருகிறவர்கள் பாதி, தன் தெருப் பையன் ஆடுகிறான் என்பதற்காக வருகிறவர்கள் பாதி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கட்டுரையில் இது சுத்தமாக இல்லை. லீக்கில் நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, துறைமுகம், இந்தியன் வங்கி, சுங்கம், ஏ.ஜி. ஆபீஸ் என்று டீம் வைத்திருந்த இடங்கள் ஆட்டக்காரர்களை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுத்தன. குடிசையில் பிறந்து, எட்டாவதோ பத்தாவதோ படித்துவிட்டு, காலில் இருந்த திறமையால் மத்திய அரசு வேலைக்குப் போய், தங்கச்சிகளுக்குக் கல்யாணம் செய்து, தம்பிகளைப் படிக்க வைத்து, ஓட்டு வீடு கட்டியவர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. கிரிக்கெட் ஆடி அப்படி வேலைக்குப் போன ஒருவரையும் நான் சின்ன வயதில் எங்கள் பக்கம் பார்த்தது கிடையாது. அதனால்தான் வடசென்னையில் ஒரு அம்மா, பிள்ளை பந்தோடு வெளியே போனால் தடுக்க மாட்டாள். அந்த வேலைகள் இப்போது எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு எட்டுவதே இல்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மைதானம் இருக்கிற இடத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. உங்கள் கட்டுரை 1956இல் தொடங்கியதால் அதுவும் விட்டுப்போயிற்று. 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன், ஊர் ஜனங்கள் காற்று வாங்க என்று நூறு ஏக்கருக்கு மேல் பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவை அங்கே போட்டார். விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் பில்டிங், மை லேடீஸ் கார்டன், எங்கள் ஸ்டேடியம் எல்லாமே அந்தப் பூங்காவில் ஒவ்வொரு துண்டாக எடுத்துக்கொண்டதுதான். மிருகக்காட்சி சாலையும் அங்கேதான் இருந்தது. உயிர் காலேஜ் என்போம். அப்பா பந்து தைக்கும்போது சிங்கம் கத்துவது கடைக்குக் கேட்கும். அப்புறம் கொஞ்ச நேரத்தில் ஸ்டேடியத்தில் கோல் விழுந்த சத்தம் கேட்கும். கத்துகிற சத்தத்தை வைத்தே எந்த டீம் கோல் போட்டது என்று அப்பா சொல்வார், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

1985இல் இரண்டும் போயிற்று. மிருகங்கள் வண்டலூருக்குப் போயின. மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகம், ரெக்கார்டு, கிளி, புறா என்று அந்த மார்க்கெட்டைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பழைய பூட்ஸும் பழைய பந்தும் அங்கே கிடைத்ததை யாரும் எழுதுவதில்லை. மறுநாள் அப்பா அங்கே போய்விட்டு வந்து வேலையில் உட்காராமல் சும்மாவே இருந்தார். அவருக்கு நூலும் வாரும் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கடையே இல்லை. அதற்குள் வால்வு வைத்த, தண்ணீர் குடிக்காத பந்துகள் வர ஆரம்பித்திருந்தன. பிரிந்தால் தைக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். அப்பாவின் தொழில் அப்படியே மெதுவாக அடங்கியது.

1993இல் 40,000 பேர் உட்காருகிற மாதிரி இப்போதைய ஸ்டேடியம் வந்தது. அந்த வருஷம் நேரு கோப்பை மெட்ராஸில் நடந்தது, வட கொரியா ஜெயித்தது, ருமேனியா இரண்டாவது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது, ஃபுட்பாலில் இந்தியாவுக்குத் தங்கம். உங்கள் கட்டுரை இதையெல்லாம் சொல்கிறது, நல்லது. புது ஸ்டேடியம் நகரத்துக்குப் பெருமை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓடுதளம் நடுவில் இருப்பதால் கேலரிக்கும் பந்துக்கும் தூரம் அதிகம். லைனில் நின்று த்ரோ எறிகிற பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் திரும்பிப் பார்க்கிற காலம் அதோடு முடிந்தது.

2014இல் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால் வந்தது, நம் ஊருக்குச் சென்னையின் எஃப்.சி. என்ற டீமும் வந்தது. அந்த டீமுக்கு வந்த இத்தாலிக்காரர் மத்தராஸியைப் பார்க்க என் மகன் பணம் சேர்த்துப் போனான். உலகக் கோப்பை ஜெயித்தவர் பெரியமேட்டில் நிற்கிறார் என்றால் யார்தான் போக மாட்டார்கள்? மறு வருஷம் டிசம்பர் வெள்ளம். ஊர் இருந்த நிலையில் அரையிறுதியின் சென்னை ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். கொல்கத்தாவை அங்கே 3-0 என்று அடித்து, கோவாவில் நடந்த ஃபைனலில் 3-2 என்று கோப்பையையும் எடுத்தார்கள். அந்த ராத்திரி எங்கள் தெருவில் இன்னும் சேறு காயவில்லை. நனைந்த பாயையும் அரிசியையும் வெளியே போட்டபடி இருந்தோம்.

அந்த வெள்ளத்தைப் பற்றித்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தேன். எங்கள் தெருவில் பழைய ஆட்டக்காரர்கள் வீட்டில் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். டீம் போட்டோ, தேதி போட்ட சான்றிதழ், பேப்பரில் பெயர் வந்த துண்டுச் செய்தி, துருவேறிய மெடல். தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பெட்டிகளைத் திறந்தபோது போட்டோ எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தது. பிரித்தால் முகம் உரிந்து வந்தது. ஒரு பெரியவர், லீக்கில் சென்டர் ஹாஃப் ஆடியவர், அதைக் கையில் வைத்துக்கொண்டு இதில் நான் இடது பக்கம் மூன்றாவது ஆள் என்று சொன்னார். அவர் சொல்வதை நம்ப வேண்டியதுதான், பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அவரும் இப்போது உயிரோடு இல்லை.

2018 மார்ச் 13 எங்களுக்கு மறக்காத நாள். கோவா அணியோடு நம் டீமுக்கு ஐ.எஸ்.எல். அரையிறுதி, நம் ஸ்டேடியத்தில். அன்றைக்கு 3-0. இரண்டு கோல் ஜேஜே போட்டார். மற்ற கோல் தனபால் கணேஷ் போட்டது. வியாசர்பாடிப் பையன். நாங்கள் ஒரு பெரிய கூட்டமாகப் போயிருந்தோம். அந்தக் கோல் விழுந்தபோது பக்கத்தில் இருந்த, யாரென்றே தெரியாத ஒரு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். நான்கு நாளில் பெங்களூருவில் இரண்டாவது கோப்பையும் வந்தது. அடுத்த வாரம் எங்கள் பக்கத்துக் கிரவுண்டில் காலை ஐந்தரைக்கே இடம் இல்லை, அத்தனை பிள்ளைகள். என் டெய்லர் கடைக்கு ஜெர்சியில் நம்பர் தைக்க வந்தவர்களில் பாதிப் பேர் கணேஷின் நம்பர் கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஏரியாவைக் குட்டி பிரேசில் என்று எல்லா டிவியிலும் காட்டினார்கள். காட்டட்டும். ஆனால் ஏதோ நேற்று திடீரென்று முளைத்த மாதிரி பேசுகிறார்கள். எங்கள் முல்லை நகர் கிரவுண்டிலும் கன்னிகாபுரம் கிரவுண்டிலும் சின்னப் பிள்ளைகளுக்கு இன்சைடில் பந்தை நிறுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர்கள், கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் லீக் ஆடிவிட்டு வந்த பெரியவர்கள். சம்பளம் வாங்காமல், ஷிப்ட் முடிந்த களைப்போடு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றவர்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் வளர்ந்து அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வரிசையில் கடைசியில் வந்து நின்ற கோல்தான் 2018இல் விழுந்தது.

2024 அக்டோபரில் ஒரு விஷயம் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். செயற்கைப் புல் போட்ட ஒன்பது ஃபுட்பால் மைதானங்களைத் தனியாருக்குக் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே கைவிட்டார்கள். கைவிட்டதற்கு நன்றி. ஆனால் அப்படி ஒரு யோசனை எப்படி வருகிறது? ஃபுட்பால் இந்த ஊரில் என்ன செய்திருக்கிறது, யாரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று எங்கேயும் எழுதி வைக்காததால்தான் வருகிறது. 413 ரன் எழுதி வைத்திருக்கிறது, அதனால் எல்லோருக்கும் தெரிகிறது. மன்கட் 231, ராய் 173 என்று ஃபுட்பால் ஆடுகிற என் பேத்திகூடச் சொல்வாள். 1970களில் அதே புல்லில் லீக் ஜெயித்த டீமின் கோல்கீப்பர் யார் என்று கேட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

பேத்தி பள்ளிக்கூட டீமில் ரைட் பேக். சென்ற வருஷம் ஒரு போட்டிக்காக ஸ்டேடியத்துக்குள் போனாள். நானும் கூடப் போனேன். அவளுக்கு ஏதாவது காட்டலாம் என்று கேலரிக்குக் கீழே இருக்கிற வழியெல்லாம் நடந்து பார்த்தேன். திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கிறது, தலைவர்கள் பெயர் இருக்கிறது. இங்கே ஆடியவர்களின் ஒரு படம்கூட என் கண்ணில் படவில்லை.

என் கோரிக்கை இதுதான். அந்தக் கேலரிக்குக் கீழே உள்ள அறைகளில் ஒன்றை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதற்கு ஒதுக்க வேண்டும். மைதானத்தின் முழு வரலாறும் அங்கே இருக்கட்டும், கிரிக்கெட்டும் இருக்கட்டும், 1995 தெற்காசியப் போட்டியும் 2024 கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியும் இருக்கட்டும். ஆனால் பெரிய சுவர் லீக் ஆட்டத்துக்குப் போக வேண்டும். எந்த வருஷம் எந்த டீம் ஜெயித்தது, யார் ஆடினார்கள், யார் கோச், யார் ரெஃப்ரி என்று பெயரோடு. பந்து, பூட்ஸ், ஜெர்சி, போட்டோ எல்லாம் வீடுகளில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள். எங்கள் அப்பாவின் இரட்டை ஊசி, குத்தூசி, வார் இழுக்கிற கொக்கி, தைத்து முடிக்காமல் விட்ட ஒரு பந்து எல்லாம் என்னிடம் இருக்கிறது. இன்றைக்குக் கேட்டாலும் கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் லீக் முடிவுகளைப் பொடி எழுத்தில் போடுவீர்கள். யாருக்கு எதிராக யார், எத்தனை கோல், கோல் போட்டவர் பெயர். அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். எங்கள் வீட்டுத் துண்டுகள் வெள்ளத்தில் போனாலும் உங்கள் அலுவலகத்தில் பழைய பேப்பர் கட்டு பத்திரமாக இருக்கும். 1965இலிருந்து அவற்றை எடுத்து, வருஷவாரியாக அந்த முடிவுகளை மறுபடி வெளியிடுங்கள். வாரத்துக்கு ஒரு கால் பக்கம் போதும். ஒவ்வொரு பெயருக்கும் வடசென்னையில் ஒரு வீட்டிலிருந்து உங்களுக்குக் கடிதமோ ஃபோனோ வரும்.

அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நிருபரையும் ஒரு போட்டோகிராபரையும் முல்லை நகர் கிரவுண்டுக்கு அனுப்பி வையுங்கள். வியாசர்பாடி ஜீவாவில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். காலை ஆட்டம் எட்டரைக்கெல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பழைய ஆட்டக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு வெயில் ஏறும்வரை அங்கேதான் இருப்பார்கள். எண்பதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் முதலில் பேசச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை – 39